தொண்ணூறு டிகிரி

மதிய வெயிலில் ஒரு பிக்கப் வண்டி மலைச்சாலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. கணவனின் இடது கை ஒடிந்து கட்டுப் போட்டிருப்பதால் இன்று அவள்தான் ஓட்டுகிறாள். அவளுக்கு இது முதல் லோடு. தொண்ணூறு டிகிரியில் நிற்க வேண்டிய எஞ்சின் சூடு நூற்றைத் தாண்டுகிறது. “ஏசியை நிறுத்திட்டு ஹீட்டரைப் போடு” என்கிறான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன். “இந்த வெயில்லயா?” “எஞ்சினோட சூட்டை நாம கொஞ்சம் வாங்கிக்கலாம்.” அனல் முகத்தில் அடிக்கிறது. பின்னால் சிமென்ட் மூட்டைகள் மேல் தார்ப்பாய் படபடக்கிறது. சூடு காட்டும் எண் மெல்ல மெல்ல இறங்கித் தொண்ணூறில் வந்து நிற்கிறது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. நல்ல கையால் துண்டை எடுத்து, அவள் கண்ணில் வியர்வை இறங்காதபடி நெற்றியை ஒற்றிக்கொண்டே வருகிறான். “என் முதல் லோடுல நான் எஞ்சினைக் கொதிக்கவே விட்டுட்டேன்” என்கிறான், இத்தனை வருஷமாக அவளிடம் சொல்லாததை.