தலைக்கு மேலே ஏரி

விமானக் கொட்டகையில் இரண்டு சின்ன விமானங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. சிவப்பி வானத்தில் குட்டிக்கரணம் போடுகிறவள். வெள்ளையனோ இன்ஜின் தேய்ந்துவிடும் என்று இரண்டு வருஷமாகப் பறக்கவேயில்லை. வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் உறுமிவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவான்.

“இப்படித் தலைகீழா ஆடினா உன் இன்ஜின் எத்தனை நாளைக்கும்மா வரும்?” என்றான் வெள்ளையன்.

“சீக்கிரம் தேயும்ணே, தெரியும்,” என்றாள் சிவப்பி. “அதுக்காக நேராவே பறக்க முடியுமா?”

வருஷாந்திரப் பரிசோதனைக்கு மெக்கானிக் லூர்து வந்தார். முதலில் சிவப்பியின் இன்ஜினைத் திறந்தார். “நல்லாத்தான் தேஞ்சிருக்கு. ரெண்டு பாகம் மாத்தினாப் போதும், பறக்கலாம்,” என்றார். பிறகு வெள்ளையனுடையதைத் திறந்தார். வாராவாரம் அரைகுறையாகச் சூடேறி அணைந்ததில் உள்ளே ஈரம் தங்கி, துரு பூத்துக் கிடந்தது. இன்ஜினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்.

மறுவாரம் சிவப்பியை ஓடுபாதைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்ஜின் இல்லாத வெள்ளையன் மெல்லக் கேட்டான்: “தலைகீழாப் பறக்கிறப்போ எப்படிம்மா இருக்கும்?”

“ஏரி தலைக்கு மேல தொங்கும்ணே,” என்றாள் சிவப்பி. “ஒரு சொட்டுகூட விழாது.”