கட்டைவிரல்

குடியிருப்பின் நீளமான சுவரில் எல்லோரும் நீலச் சாயத்தில் கை பதிக்க வேண்டும், அதுதான் கலைவிழா என்றார்கள். வரிசையில் முதல் ஆளாக நின்ற அஞ்சலாட்சிக்கு அது பிடிக்கவில்லை. ஆற்றங்கரையில் குடியிருந்தபோதும் இப்படித்தான், பட்டா வரும் என்று சிரித்துப் பேசி ஒரு தாளில் கட்டைவிரல் வாங்கினார்கள். மறு மாதமே எல்லோரையும் லாரியில் ஏற்றி, இந்த அத்துவானத்தில் இறக்கிவிட்டார்கள். அவள் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு மற்ற நான்கு விரல்களை மட்டும் சாயத்தில் தோய்த்துச் சுவரில் அழுத்தினாள்.

"கட்டைவிரலும் வைங்கம்மா," என்றாள் விழா நடத்த வந்த பெண்.

"அது வலிக்குதும்மா."

பின்னால் நின்ற பரிமளா, "எனக்குந்தான் வலிக்குது," என்றாள். அதற்கப்புறம் வந்தவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கூடிச் சுவரைப் பார்த்தார்கள். நூற்றுச் சொச்சம் கைகள், எல்லாவற்றிலும் நான்கே விரல். மேல் ஓரத்தில் ஒரு பெரிய ஆம்பளைக் கையில் மட்டும் ஐந்து.

"எவன்டா அது?" என்றார் எதிர் பிளாக் தேவசகாயம். சாயம் இரண்டு நாளைக்குப் போகாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரின் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த அஞ்சலாட்சி கணவனிடம் டீயை நீட்டினாள். ஏகாம்பரம் வலது கையை லுங்கி மடிப்புக்குள் வைத்தபடி இடது கையால் வாங்கினான்.

"சுவரு நல்லா வந்திருக்குல்ல?" என்றான்.