விழ விழ முளைத்த பல்

அருங்காட்சியகத்தில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளை இனம் பிரித்து வைப்பது அவள் வேலை. அங்கு வந்த ஒரு கீழ்த்தாடை, பாலூட்டிகளுக்கு மட்டுமே உள்ளபடி, ஒரே எலும்பாக இருந்ததால் பாலூட்டிகளின் அலமாரியில் வைத்திருந்தாள். ஒரு நாள் காலை இழுப்பறையைத் திறந்தால், பல்லொன்று கழன்று பஞ்சில் கிடந்தது. தன் கை பட்டுத்தான் உடைந்ததோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் குழியில் புதுப்பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. அதுவும் விழுந்து, இன்னொன்று முளைத்தது.

இனி மறைத்துப் பயனில்லை என்று துறைத்தலைவரை அழைத்துவந்து காட்டினாள்.

"பாலூட்டின்னா பல்லு ஒரு தடவைதாம்மா மாறும். விழ விழ முளைச்சா ஊர்வனதான். அலமாரிய மாத்திடு."

"செத்துக் கல்லாப்போனதுக்கு எப்படி சார் முளைக்கும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பிரிச்சு வைக்கிறதுதான் நம்ம வேலை. அதுக்கு மேல நான் என்னத்தக் கண்டேன்?"

விழுந்த பல்லை லென்சின் கீழே வைத்தாள். அது மென்று மென்று தேய்ந்திருந்தது. இடுக்கில் ஒரு பச்சை நார், ஈரம் காயாமல் சிக்கியிருந்தது.

"இலைதான்," என்றார் அவர், போன உயிர் திரும்பியவர் போல. "தாவர உண்ணி. யாரையும் ஒண்ணும் பண்ணாது."

அவளுக்கும் மூச்சு வந்தது. அட்டையில் அப்படியே எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் அறையின் மறுகோடியில், ஊனுண்ணிகளின் பெரிய அலமாரிக்குள், ஏதோ விழுந்து உருண்டது.

"அதப் பூட்டியிருக்கியாம்மா?"

"எலும்புக்கு யாரு சார் பூட்டு போடுவாங்க?"

உள்ளே இன்னொரு பல் விழுந்தது.