கதவுக்கு முன்னால் தண்ணீர்

உலக சாதனைக்கு இன்னும் மூன்று நிமிஷம்கூட இல்லை. அந்த நேரத்தில் எவனாவது ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பானா?

யால்மர் குடித்தான்.

சுண்ட்ஸ்வால் ஊர் விளையாட்டு அரங்கத்தின் சுவர்த்திரையில் பார்த்துக்கொண்டிருந்த நானூறு பேரும் தலையில் கை வைத்தார்கள்.

வீடியோ கேமை யார் சீக்கிரம் முடிப்பது என்பதுதான் போட்டி. நேரலையில் பதினோராயிரம் பேர் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தை நடுவில் நிறுத்தலாம். கடிகாரத்தை நிறுத்த முடியாது. அது ஓட ஆரம்பித்தால் ஓடினதுதான்.

பந்தும் பாயும் அடுக்கிவைக்கும் பின்னறையில், பெரிய திரைக்கு முன்னால் இல்வா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இங்கே முதல் நாள்.

ஆட்டத்தில் கடைசியாக ஒரு கதவு வரும். அதைத் திறந்தால் வெள்ளையும் சிவப்புமாகத் திரை வெட்டி வெட்டி மின்னும். வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. அதற்கு முன்னால், "மின்னும் ஒளி வருகிறது, கண்ணைத் திருப்பிக்கொள்ளுங்கள்" என்ற எச்சரிக்கை அட்டையை நேரலையில் போட வேண்டும். அது இல்வாவின் பொறுப்பு.

வெளியே கூட்டம் "ஐயோ" என்று கத்தியது அவளுக்கும் கேட்டது. அவள் திரையில் யால்மர் ஜம்மென்று ஓடிக்கொண்டுதான் இருந்தான். 'எதுக்குக் கத்துறாங்க?' என்று நினைத்தாள். யோசிக்க நேரமில்லை. இதோ, கதவு வந்துவிட்டது.

பொத்தானை அழுத்தினாள். அட்டை ஏறியது.

அப்பாடா.

அவள் வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாலே நாலு செகண்டில் சாதனை கைவிட்டுப் போயிருந்தது.

வர்ணனை சொல்லிக்கொண்டிருந்த சிக்ஸ்டன் மைக்கைக்கூட அணைக்கவில்லை. "ரெண்டு வருஷமா இதே ஆட்டத்தப் போட்டுத் தேய்ச்சியேடா! ஒரு வாய் தண்ணிக்கு வித்துட்டியே!"

"தாகம் எடுத்துச்சு" என்றான் யால்மர்.

"தாகமா? மூணு நிமிஷம் பொறுத்திருந்தா ஒரு ஏரியையே குடிச்சிருக்கலாம்!"

"பாரு, பழைய சாதனைக்காரன் உனக்கு ஒரு பெட்டி தண்ணி பாட்டில் அனுப்பி வைக்கப் போறான்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அரங்கமே சிரித்தது. யால்மரும் சிரித்தான்.

அவன் சிரித்ததுதான் இல்வாவுக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவள், அன்றைக்குத் திறந்தாள்.

"நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா உக்காந்தேன். பயத்துல காலைலேர்ந்து ஒரு ஏலக்காய் பன்கூட உள்ள இறங்கல. ஆனாலும் ஒரு செகண்ட் பிசகாம அட்டையைப் போட்டேன். ரெண்டு வருஷம் பழகினவன், உனக்கு அந்த அக்கறை வேணாமா?"

யால்மர் தலையாட்டினான். "நீ சொல்றது நியாயம்தான்" என்றான்.

"கேட்டா பாரு, நறுக்குன்னு!" என்று போட்டியை நடத்தும் குன்னெல் இல்வாவின் தோளில் தட்டினாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள். "எல்லாரும் கேளுங்க. ஓரெப்ரூலேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்கா. 'அட்டையைப் பாத்ததும் எம் பொண்ணு கண்ணைப் பொத்திட்டேன். போன வருஷம் வேற ஒரு நேரலையில அட்டை வரல, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். இன்னைக்குக் கடைசிவரைக்கும் சிரிச்சுக்கிட்டே பாத்தா.' இல்வா, இது உனக்குத்தான்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இல்வாவுக்குக் காது வரைக்கும் சிவந்துபோனது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது யால்மர்தான். 'வெக்கம் கெட்டவன்' என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. இல்வா பின்னறையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கோட்டை எடுக்க யால்மர் வந்தான்.

சண்டைக்குத்தான் வருகிறான் என்று அவள் நிமிர்ந்து நின்றாள்.

அவன் மூலையில் குவிந்திருந்த கோட்டுகளில் தன்னுடையதை உருவினான். மற்றதையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாய்மேல் போட்டான். அடியில் ஒரு சின்னத் திரை இருந்தது.

"வர்றவன் எல்லாம் இதும் மேலயே கோட்டைப் போட்டிருக்கோம், நானும்தான். நாளைக்கு இதைப் பாத்து அட்டையைப் போடு, இல்வா."

"ஏன்? பெரிசுல நல்லாத்தானே தெரியுது?"

"பெரிசு வீட்டுல இருக்கறவங்க பாக்குறது. இருபது செகண்ட் பிந்தித்தான் வரும், இந்தச் சின்னது அப்பப்பவே காட்டும். பெரிசுல உனக்குக் கதவு தெரியுறப்போ, நான் இங்க உள்ள போய் எல்லாம் மின்னி முடிஞ்சிருக்கும். அப்பப் போடுற அட்டை அந்த மின்னலுக்குப் பின்னாலதான் அவங்களுக்குப் போய்ச் சேரும்."

இல்வாவின் கையிலிருந்து ஒயர் நழுவியது. கூட்டம் கத்தியபோது அவள் திரையில் இவன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தானே!

"அப்ப... அட்டை எப்படி முன்னாடியே வந்துச்சு?"

"கதவுகிட்ட வந்ததும் அரங்கத்துச் சுவர்த்திரையை ஒரு பார்வை பாத்தேன். நீ போட்டா அதுல உடனே தெரியும்; அட்டையைக் காணோம்."

"உனக்குத் தாகமே எடுக்கலையா?"

"எங்க எடுத்துச்சு? அட்டை ஏறட்டும்னு குடிச்சுக்கிட்டே நின்னேன்" என்றான் யால்மர், கோட்டை மாட்டிக்கொண்டே.