மஞ்சள் தலை

"மறுபடியும் தலையை வெட்டிட்டாருங்க."

ஸ்டோர்காரர் வந்து சொன்னதும், தர ஆய்வாளர் அம்மாள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பட்டறையில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'மைக்ரோமீட்டர்' என்று பெயர். மயிரிழை தப்பு என்றாலும் விடமாட்டார்.

பயப்பட வேண்டாம், போனது கம்பியின் தலை.

பேருந்துகளுக்கு ஸ்பிரிங் செய்கிற பட்டறை அது. வந்து இறங்கும் ஒவ்வொரு எஃகுக் கம்பிக்கும் ஒரு முனையில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, எந்த உலையில் உருக்கியது என்று எண் குத்தியிருக்கும். அதனால் மறுமுனையிலிருந்துதான் துண்டு போட வேண்டும். மஞ்சள் போய்விட்டால் அந்தக் கம்பி ஊர் பேர் தெரியாத அநாதை. ஸ்பிரிங் ஆகவே கூடாது. பஸ் கம்பெனி போட்ட விதி. முதலாளியே அதைப் பெரிய பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தார்.

அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் கட்டிங்காரர் காலையில் வந்த கட்டு முழுவதற்கும் மஞ்சள் தலையைச் சீவியிருந்தார். சீவிய தலைகளைக் கழிவுத் தொட்டியில் பழைய துண்டுகளோடு சேர்த்துக் கலக்கியும் விட்டிருந்தார்.

"இந்தப் பக்கம் கைக்குத் தோதா இருந்துச்சு மேடம்."

"செய்யற வேலையில ஒரு தரம் வேண்டாமாப்பா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தாரோ என்று அம்மாளுக்கு ஒரு சந்தேகம்.

இது மூன்றாவது முறை. மூன்று முறையும் போனது மச்சான் சரக்கின் தலை.

மச்சான் என்றால் முதலாளி மனைவியின் தம்பி. கம்பி வியாபாரம். அவர் கொண்டுவந்த முதல் கட்டை அம்மாள் சோதித்துப் பார்த்துத் தள்ளிவிட்டார். விதி அனுமதிக்கிற ஆழத்தைத் தாண்டி மேலெல்லாம் கீறல். மச்சான் அக்காவுக்குப் போன் போட்டார். மறுநாள் முதலாளி ஆபீஸ் பெஞ்சில் படுத்துச் சுளுக்கிய கழுத்தோடு வந்து, கொஞ்சம் பார்த்துப் பண்ணக் கூடாதா என்றார். கூடாது என்றார் அம்மாள். கடைசியில் முதலாளியே கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டார். அதில் செய்த ஸ்பிரிங் சோதனை மேடையிலேயே படாரென்று இரண்டானது.

அதற்குப் பிறகு மச்சான் சரக்கு அம்மாளின் மேஜைக்கு வருவதே இல்லை. வருவதற்குள் தலை போய்விடும். ஆனால் மச்சானுக்குப் பணம் மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது? சரக்கு சோதனைக்கு வராமல் இருக்க மச்சான் கட்டிங்காரரைக் கைக்குள் போட்டுக்கொண்டார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம். இன்று அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று அம்மாள் முடிவு செய்தார்.

கழிவுத் தொட்டியைத் தரையில் கவிழ்த்து, உட்கார்ந்து, ஒவ்வொரு தலையாக எடுத்து உடம்போடு வைத்துப் பார்த்தார். மத்தியானத்துக்குள் ஒரு தலை அதன் உடம்போடு இம்மி பிசகாமல் ஒட்டிக்கொண்டது. இனி இது அநாதை இல்லை. சோதிக்கலாம், தள்ளலாம், இரண்டு பேரையும் மாட்டிவிடலாம்.

தலையைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

வாசலில் மச்சானின் வண்டி நின்றது. உள்ளே அவர் முன்னால் கட்டிங்காரருக்கு மண்டகப்படி நடந்துகொண்டிருந்தது. கழுதை, தண்டச்சோறு, குருடன் என்று பட்டறை முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மச்சான் போனைக் காதில் வைத்தபடி மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார்.

"இல்லக்கா, என் சரக்குல ஒரு குறையும் இல்ல. மாமா வெச்சிருக்கிற ஆளுதான் சரியில்ல."

அவர் வண்டி வாசலைத் தாண்டியது. அம்மாள் கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது, உள்ளே முதலாளியின் குரல் பூனைக்குட்டி போல இறங்கியிருந்தது.

"ரொம்பத் திட்டிட்டேனாப்பா?"

"கழுதை வரைக்கும் சரிங்க மொதலாளி. குருடன் நாம பேசி வெச்சதுல இல்லையே."

"மச்சான் எழுந்திரிக்கிற வழியா இல்ல. அதான் ஒண்ணு கூட்டிப் போட்டேன்."

அம்மாள் கதவைத் தள்ளினார். முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். அவர் கண் அம்மாள் கையிலிருந்த மஞ்சள் தலையில் நிலைகுத்தியது.

பிறகு மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அம்மாள் தள்ளினால் அது மச்சான் சரக்கைத் தள்ளினதாகும், வீட்டில் அடுப்பு எரியாது. கட்டிங்காரர் தலையை வெட்டினால் சரக்கின் மேல் குற்றமில்லை, கை மேல்தான் குற்றம். பாம்பும் செத்தது, தடியும் உடையவில்லை. கம்பியெல்லாம் சன்னல் செய்கிறவருக்குப் போகிறது, நஷ்டம் தன்னோடு போகட்டும்.

"சன்னல் கம்பி உடைஞ்சா காத்துதான் மேடம் வரும். ஸ்பிரிங் உடைஞ்சா பஸ்ஸே கவிழும். என் பொண்டாட்டிகிட்ட இதைச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல. பழியை ஏத்துக்கிற பெரிய மனசு இவருக்கு இருந்துச்சு."

கட்டிங்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாள் கையிலிருந்த தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெட்டு வாயை விரலால் தடவினார். முகத்தில் பழைய கடுகடுப்பு வந்துவிட்டது.

"ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு சாய்வுல வெட்டி வெச்சிருக்கே. அதான் எந்தத் தலை எந்த உடம்புக்குன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன். அடுத்த லாரிக்கு எல்லாத்தையும் ஒரே நேரா வெட்டு. செய்யற தப்புலயாவது ஒரு தரம் வேண்டாமாப்பா?"