பெருக்கிக் கூட்டினால்

பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை.

அவள் ப்ரோகிராமை மறுபடி ஓட்டினாள். திரையில் அதே புள்ளி நான்கு.

செய்முறைத் தேர்வில்தானா இப்படி?

இரண்டு அலைகள். ஒன்று மெதுவானது. மற்றது அதைப் போல் இரண்டு மடங்கு வேகம். பெருக்கிக் கூட்டினால் ஒன்றுமே மிஞ்சக்கூடாது. மிஞ்சாவிட்டால் அவை ஆர்த்தாகனல். ஒரே கம்பியில் சேர்ந்து போனாலும் ஒன்றையொன்று கெடுக்காது. இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருந்தாள். புரிந்துதான் தொலையவில்லை.

எரிச்சலாக வந்தது. அலையின் மேல், கணினியின் மேல், எல்லாவற்றையும்விடப் பக்கத்து நாற்காலியில் இருந்த மெர்லின் மேல்.

மெர்லினுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கல்லூரிக்கு வந்த கம்பெனிக்காரர்கள் மெர்லினை விட்டுவிட்டு இவளை எடுத்துக்கொண்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. விடுதியில் ஒரே அறை, எதிரெதிர்க் கட்டில், ஒரு வார்த்தை கிடையாது. இவளாகப் போய்ப் பேசியும் பார்த்தாள். சுவரோடு பேசியது போலிருந்தது.

மறுபடி ஓட்டினாள். புள்ளி நான்கு.

“ஏட்டி, பாதியிலயே நிறுத்திட்ட. அலை முழுசா ஒரு சுத்து வரட்டும்லா.”

இவள் திரும்புவதற்குள் மெர்லின் தன் திரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

இவள் அலை ஓடும் நேரத்தை நீட்டினாள்.

பூஜ்யம்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள். அதற்குள் வெளித்தேர்வாளர் வந்துவிட்டார். இருவரையும் சேர்த்தே எழுப்பி, முதலில் இவளிடம் கேட்டார்.

“ஆர்த்தாகனல்னா என்னம்மா? புக்குல உள்ளது வேண்டாம். உன் வார்த்தையில சொல்லு.”

யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

“ஒரே ரூம்ல ரெண்டு பேர் இருக்கிற மாதிரி சார். ஒருத்தரால இன்னொருத்தருக்கு எந்தப் பாதிப்பும் இருக்காது. இவங்ககிட்ட அவங்க துளிகூட இருக்க மாட்டாங்க.”

“பிரமாதம். இன்னைக்குப் புரிஞ்சு சொன்னது நீ ஒருத்திதான்.”

முழு மதிப்பெண் போட்டார்.

அப்புறம்தான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. அவமானமாக இருந்தது. பக்கத்தில் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தேர்வாளர் மெர்லின் பக்கம் திரும்பினார். அதே கேள்வி.

வகுப்புக்கே எழுந்து நின்று இதை விளக்கியவள். தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“எனக்குத் தெரியல சார்.”