பனியில் மூன்று சுற்று

"போச்சு! இதுவும் போச்சு!"

அர்மான் வெறும் முள்கரண்டியைத் தூக்கிக் காட்டினார். மகளும் வருங்கால மாப்பிள்ளையும் சிரித்தார்கள். அவர் மனைவி சோலாஞ்சுக்குச் சிரிப்பு வரவில்லை. இது இரண்டாவது தடவை.

ஃபோந்த்யூ சாப்பிடுவதில் பிரான்சின் சவ்வா மலைக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒயினில் உருகிக் கொதிக்கும் சீஸில் ரொட்டித் துண்டைத் தோய்க்கும்போது, யார் அதைச் சட்டிக்குள் நழுவ விடுகிறாரோ அவர் வெறுங்காலோடு பனியில் வீட்டை ஒரு சுற்று ஓடி வரவேண்டும். விருந்தாளிக்கும் விலக்கில்லை.

"செருப்பைக் கழட்டுங்கப்பா!" என்று மகள் நோயெமி கைதட்டினாள்.

"முதல் சுத்துக்குக் கழட்டினவன் இன்னும் போடவே இல்லையே!"

அர்மான் ஓடினார். ஜன்னலுக்கு வெளியே "ஆ... ஊ..." என்று ஓர் அலறல் வீட்டைச் சுற்றி வந்தது.

சோலாஞ்ச் ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்த்தாள். கெர்வெல்லா, ஓய்வு பெற்ற நீதிபதி. மலை ஃபோந்த்யூவை மலையிலேயே ருசி பார்க்க வேண்டுமென்று, பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து ஒரு நாள் முழுக்க ரயிலில் வந்திருக்கிறார். அவர் மகன் யானுக்கும் நோயெமிக்கும் ஜூனில் கல்யாணம். இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்காரும் முதல் சாப்பாடு இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான்.

மனிதர் வந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. குடிகாரன் வீட்டில் பெண் எடுக்கிறோமே என்று நினைத்துவிட்டால்? அது மகள் தலையில் அல்லவா விடியும்!

"வழக்கமா இவர் இப்படி இல்லை, சம்பந்தி" என்று அசடு வழிந்தாள். "இன்னும் ஒரு கிளாஸ்கூட முடிக்கலை..."

"பரவாயில்லை. சாப்பாடு பிரமாதம்" என்றார் கெர்வெல்லா. அதோடு சரி.

கால் இரண்டும் பீட்ரூட்டாய்ச் சிவக்க அர்மான் திரும்பி வந்து, சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

"அடடா! மறுபடியும் என்னுதுதான்!"

யான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, சவ்வாக்காரர்னு வெளியில சொல்லிக்காதீங்க!"

"உங்க வலையில மீன் தப்பிக்கிறதில்லையா மாப்பிள்ளை? எங்க சட்டியில ரொட்டி தப்பிக்குது!" என்றபடியே வாசலுக்கு ஓடினார்.

இந்தத் தடவை அவர் உள்ளே வந்ததும் சோலாஞ்ச் அவர் கையைப் பிடித்து நேரே சமையலறைக்கு இழுத்துப் போனாள். ஸ்டூலில் உட்கார வைத்து, காலை வெந்நீரில் வைத்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "முப்பது வருஷத்துல ஒரு துண்டு விட்டதில்லை நீ. இன்னிக்குப் பார்த்து மூணு! ஒரு நீதிபதி முன்னால மானத்தை வாங்கிட்டியே!"

"சீஸ் வழுக்குது, சோலாஞ்ச். நான் என்ன பண்ண?"

"வழுக்குதாம்! என் வாயில நல்லா வருது!"

கதவு திறந்தது. கெர்வெல்லா நின்றிருந்தார். சோலாஞ்சுக்குப் பகீரென்றது. கிளம்புகிறேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்!

அவர் கையில் ஒரு தட்டு. அதில் சட்டியின் அடியில் பொன்னிறமாய்ப் பிடித்திருந்த சீஸ் காந்தல், விள்ளாமல் முழுசாய். எல்லாரும் சண்டை போட்டுத் தின்கிற அந்தப் பங்கை விருந்தாளி என்று அவருக்கே நோயெமி கொடுத்திருந்தாள். கெர்வெல்லா அதை அப்படியே அர்மானிடம் நீட்டினார். தட்டு கிடுகிடுவென்று ஆடியது. அர்மான் சட்டென்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கெர்வெல்லா முதல் தடவையாக, வாய் கொள்ளாமல் சிரித்தார்.

"அவரைத் திட்டாதீங்க சம்பந்தியம்மா. அவர் இன்னிக்கும் ஒரு துண்டுகூட விடலை. என் கை நடுங்குது, என் மகனுக்கே இன்னும் தெரியாது. விழுந்த மூணும் என்னோடது."